பாட்டனுக்குப் பாட்டன் பெயர் என்ன?



சென்ற தவணையில் எங்கள் பள்ளியின் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் ஒன்று கொடுத்தோம். வெள்ளைத் தாளில் ஒரு மரம் வரைய வேண்டும். அடிமரத்தில் தன் பெயர். அதற்கு மேல் இரண்டு கட்டங்களில் அப்பா, அம்மா. அதற்கும் மேல் நான்கு கட்டங்களில் இரு பக்கத்துத் தாத்தா பாட்டிமார். உச்சியில் எட்டுக் கட்டங்கள். தாத்தா பாட்டிமாரைப் பெற்றவர்களுக்கு, அதாவது பூட்டன் பூட்டிமாருக்கு. மறுநாள் வாங்கிப் பார்த்தால், உச்சிக் கட்டங்கள் பெரும்பாலான தாள்களில் வெறுமையாகவே இருந்தன. சிலர் தாத்தாவின் கட்டத்தில் "தாத்தா" என்றே எழுதியிருந்தார்கள். அவருக்கு வேறொரு பெயர் உண்டு என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தோன்றவில்லை. ஒரு பையன் மட்டும் எட்டுக் கட்டங்களுக்கும் குறுக்கே கொட்டை எழுத்தில் "ராஜராஜ சோழன்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கிரீடமும் வரைந்திருந்தான்.

"இது என்னப்பா?" என்று கேட்டோம்.

"டிவியில ஒரு வெள்ளைக்காரர் பேசினாரு சார். ஆயிரம் வருசத்துக்கு முந்தி இருந்த ராஜாதான் அவரோட தாத்தாவுக்குத் தாத்தான்னு சொன்னாரு. அப்படின்னா நமக்கு ராஜராஜ சோழன்தானே?"

வகுப்பு சிரித்தது. எங்களுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அந்த வெள்ளைக்காரர் ஆயிரம் ஆண்டு பின்னே போகிறார்; நாமோ நூறு ஆண்டு போவதற்குள் வழி தெரியாமல் நிற்கிறோம். இது ஏன் என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

மேல்நாட்டில் தம் குடிவழியைத் தேடுகிறவர்களில் பலர் கடைசியாகச் சென்று நிற்கும் பெயர் சார்லமேன். கி.பி. 800-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று ரோமாபுரியில் பேரரசராக முடிசூட்டப்பட்டு, 814-இல் இறந்தவர் இவர். பன்னிரண்டு நூற்றாண்டுக்கு முந்திய ஒருவரிடமிருந்து இன்று வாழும் ஒருவர்வரை தகப்பன் பெயர், பிள்ளை பெயர் என்று தொடர்ச்சியாகச் சொல்ல முடிகிறதென்றால் அதற்குக் காரணம் இரத்தம் அன்று, நிலம். பிரபுவின் நிலமும் பட்டமும் அவர் இறந்தபின் யாருக்குப் போகும் என்ற வழக்கு எழும்போதெல்லாம், நான்தான் மூத்தவன், இன்னாருக்குப் பிறந்தவன் என்று காட்ட வேண்டியிருந்தது. ஆகவே எழுதி வைத்தார்கள். இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் மன்னர் 1086-இல், எந்த நிலம் யார் கையில் இருக்கிறது என்று நாடு முழுவதும் கணக்கெடுத்து எழுதச் செய்தார். அந்தப் பதிவேடு இன்றும் இருக்கிறது.

திருமணமும் ஒரு காரணம். நெருங்கிய உறவில் பெண் எடுப்பதைக் கிறிஸ்தவத் திருச்சபை தடுத்திருந்தது. முதலில் ஏழு படி உறவுக்குள் கூடாது என்றிருந்து, 1215-இல் கூடிய சபையில் அது நான்கு படியாகக் குறைக்கப்பட்டது. இன்னாரும் இன்னாரும் எத்தனையாவது படியில் உறவு என்று சொல்ல வேண்டுமானால் பாட்டன் பூட்டன் கணக்குக் கையில் இருக்க வேண்டாமா? மாமன் மகளை விட்டால் முறைப்பெண் ஏது என்று கேட்கும் நமக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

பின்னாளில் இதற்கென்றே அலுவலகமும் புத்தகமும் வந்துவிட்டன. குலச் சின்னங்களையும் வம்ச வரிசைகளையும் பார்த்துக்கொள்ளும் சபை ஒன்று லண்டனில் 1484-இல் நிறுவப்பட்டது. ஐரோப்பிய அரச குடும்பங்களின் வரிசையைச் சொல்லும் 'கோத்தா பஞ்சாங்கம்' 1763-இல் வெளிவரத் தொடங்கியது. (இந்தக் கோத்தா நம் மலாய்க் கோட்டை அன்று, ஜெர்மனியில் உள்ள ஓர் ஊர்.) ஆங்கிலப் பிரபுக்களுக்கான 'பர்க்ஸ் பீரேஜ்' என்ற புத்தகம் 1826-இல் வந்தது.

எழுதியதெல்லாம் உண்மை என்றும் எண்ணிவிட வேண்டாம். 1519-இல் இறந்த மாக்சிமிலியன் என்ற பேரரசர் அறிஞர்களை அமர்த்தித் தம் வம்சத்தைத் துரோய் நகரத்து வீரர்கள்வரை கொண்டுபோனார். அது போதாதென்று நோவாவரைக்கும் ஏற்றினார்கள். நம் சோழரும் சளைத்தவர் அல்லர். இராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் வம்ச வரிசை சூரியனிலிருந்தே தொடங்குகிறது. நடுவே, புறாவுக்காகத் தன் சதையை அரிந்து கொடுத்த சிபியும் வருகிறார். அரசருக்கு ஒரு பரம்பரை தேவைப்பட்டது. புலவர் அதைச் செய்து கொடுத்தார்.

சரி, ஐரோப்பாவின் தச்சன், உழவன் கதை என்ன? அவர்களை நெடுநாள் யாரும் எழுதவில்லை. இங்கிலாந்தில் 1538-இல்தான், ஒவ்வொரு கோயிற்பற்றும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் பதிய வேண்டும் என்ற ஆணை பிறந்தது. ஆகவே சாதாரண ஆங்கிலேயர் ஒருவர் அந்த நூற்றாண்டைத் தாண்டுவது அரிது. தாண்டினால், வழியில் எங்கோ ஒரு பிரபுவின் இளைய மகனோ மகளோ அகப்பட்டிருக்கிறார் என்று பொருள். மூத்தவனுக்கே நிலமும் பட்டமும் என்பதால், இளைய பிள்ளைகளின் வழிவந்தவர்கள் பாதிரியாராகவும் வணிகராகவும் உழவராகவும் இறங்கி ஊரோடு கலந்தார்கள். அந்தக் கிளையைப் பிடித்துவிட்டால் மேலே அரசன்வரை ஏணி தயாராக இருக்கும்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் 2 பேர். தாத்தா பாட்டி 4. பூட்டன் பூட்டி 8. இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் பத்தாவது தலைமுறையில் 1,024 பேர். இருபதாவதில் பத்து லட்சத்தைத் தாண்டும். முப்பதாவதில் நூறு கோடிக்கும் மேல்! தலைமுறைக்கு இருபத்தைந்து ஆண்டு என்றால் முப்பது தலைமுறை என்பது 750 ஆண்டு. அன்றைக்கு உலகம் முழுவதிலும் இருந்தவர்களே ஏறத்தாழ நாற்பது கோடிதான். அப்படியானால் கணக்குத் தப்பா? தப்பில்லை. ஒரே ஆள் பல கட்டங்களில் வந்து உட்காருகிறார். அப்பாவும் அம்மாவும் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளையாக இருந்தால் பூட்டன் பூட்டிமார் எட்டுப் பேர் அல்லர், ஆறு பேர்தான். அக்காள் மகளையே கட்டியிருந்தாலோ, அப்பாவைப் பெற்ற தாத்தாவே அம்மாவுக்கும் தாத்தாவாகிவிடுவார்! தோட்டத்தில் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனையோ உண்டு.

யேல் பல்கலைக்கழகத்துப் புள்ளியியல் அறிஞர் ஜோசப் சாங் 1999-இல் இந்தக் கணக்கை முறையாக ஆராய்ந்து எழுதினார். அவர் வழியில் பார்த்தால், ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்து, இன்றுவரை சந்ததி அற்றுப்போகாத ஐரோப்பியர் எவரும் இன்றைய ஐரோப்பியர் அனைவருக்கும் பாட்டன் பாட்டியே. சார்லமேன் பாட்டன்தான், அவர் குதிரைக்குப் புல் வெட்டியவனும் பாட்டன்தான்! அந்த டிவிக்காரருக்கு மற்றவர்களைவிட அதிகம் இருந்தது அரச இரத்தம் அன்று, காகிதம்.

நம் பையனின் ராஜராஜன்? அவர் ஆண்டது 985 முதல் 1014 வரை; ஏறத்தாழ நாற்பது தலைமுறை. இதே கணக்கை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. இந்தியாவில் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை பல இன மக்களும் தாராளமாகக் கலந்தார்கள், அதன்பின் தத்தம் கூட்டத்துக்குள்ளேயே மணம் செய்யும் வழக்கம் இறுகிவிட்டது என்று 2013-இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. சாதி என்ற வேலி அத்தனை பழையது. வேலிக்கு அடியில் நுழைந்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆகவே பையன் எழுதியது பொய் என்று அடித்துவிடவும் நமக்குத் துணிவில்லை. மெய் என்று முத்திரை வைக்கவும் வழியில்லை.

காகிதம் இருந்தால் தமிழருக்கும் இது முடியும் என்பதற்குச் சான்று தேடிப் பிரிக்பீல்ட்ஸ் போகலாம். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே 1886-இல் ரயில் ஓடத் தொடங்கியபின், ரயில்வே அலுவலகங்களுக்கு ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தார் பலர் வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் அவர்கள் குடியிருந்த இடங்களில் ஒன்று. அங்குள்ள பெரியவர்கள் வாயில் 'தோம்பு' என்ற சொல்லைக் கேட்கலாம். போர்த்துக்கீசியரும், 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த டச்சுக்காரரும் வரி வாங்குவதற்காக ஊர் ஊராக எழுதிய நில ஏடும் ஆள் ஏடும்தான் தோம்பு. பள்ளிக்கூடத் தோம்பு என்று வேறு ஒன்று, ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் குறித்தது. இலங்கையில் தங்கிவிட்ட டச்சுச் சந்ததியாரான பறங்கியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் சங்கம் அமைத்து, தங்கள் குடும்ப வரிசைகளை அதன் இதழில் அச்சிட்டு வந்தார்கள். கப்பலேறி வந்த முதல் ஆள் யார், ஐரோப்பாவில் எந்த ஊர் என்பதுவரை அதில் இருக்கும். வரி வாங்க எழுதிய ஏடு பேரப்பிள்ளைக்கு வம்ச ஏடாக உதவுகிறது.

நம் தோட்டத்து மக்களை யார் எழுதினார்கள்?

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860-இல் 'துருரோ' என்ற கப்பலில் சென்னையிலிருந்து போனார்களே கரும்புத் தோட்டக் கூலிகள், அவர்களை எழுதினார்கள். ஒப்பந்தக் கூலிகள் ஆதலால், கப்பல் கப்பலாக ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்புவரை குறித்தார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்கு எழுதியதுதான். ஆனாலும் அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த ஏட்டைப் பார்த்துக் கிராமத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

மலாயாவுக்கு ஒப்பந்த முறையில் ஆள் எடுப்பது 1910-இல் நிறுத்தப்பட்டது. நம்மில் பெரும்பாலோரின் முன்னோர் கங்காணி மூலம் வந்தவர்கள். கங்காணி ஊருக்குப் போய்த் தன் உறவையும் அண்டை அயலையும் திரட்டுவார். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ உள்ள முகாமில் தங்க வைத்துக் கப்பலேற்றுவார்கள். முதலாளிமார் செலுத்திய பணத்தில் 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து கப்பல் கூலி போகும். பினாங்கிலோ, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறக்கி, நோய்த்தடுப்பு முகாமில் வைத்திருந்து தோட்டத்துக்கு அனுப்புவார்கள். இந்திய அரசு 1938-இல் இதை நிறுத்தும்வரை இப்படி வந்தவர்கள் இலட்சக்கணக்கானோர். அரசாங்க அறிக்கைகளில் அவர்கள் தலைக்கணக்காக இருக்கிறார்கள்: இந்த ஆண்டு இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேர் திரும்பினார்கள். நேட்டால் ஏட்டைப்போல ஆளுக்கு ஒரு வரி தேடினால் நமக்கு எளிதில் கிட்டுவதில்லை. தோட்டத்து ஆபீசில் கிராணி வைத்திருந்த செக்ரோலில் பெயர் இருந்தது. தோட்டம் கைமாறியபோதும், துண்டு போட்டு விற்கப்பட்டபோதும், அந்தப் புத்தகங்கள் பல இடங்களில் குப்பையோடு போயின.

இதைவிடப் பெரிய அறுப்பு ஒன்று உண்டு. ஜப்பானியர் காலத்தில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டு 1943 அக்டோபரில் முடிந்தது. நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாக ஆண்களைக் கொண்டுபோனார்கள். அங்கே இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர் புதைந்த இடத்தில் பெயர் இல்லை. "தாத்தாவைச் சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க" என்ற ஒரே வரியில் எத்தனையோ வீடுகளின் வரலாறு நின்றுவிடுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சில பெரியவர்கள் தெரிந்தே சொல்லாமல் இருந்தார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் "அந்த ஊரில் எந்தத் தெரு?" என்பார்கள், தெருவைச் சொன்னால் சாதி வெளியாகிவிடும். ஊரில் குனிந்து நின்றவர் கடல் தாண்டி வந்து நிமிர்ந்தபின், பழைய முகவரியைப் பேரனிடம் கொடுக்க விரும்பாததில் என்ன வியப்பு? பிரபுக்கள் பரம்பரையைச் சொல்லி நிலம் பெற்றார்கள். நம் பெரியவர்கள் பரம்பரையைச் சொல்லாமல் மானத்தைக் காத்தார்கள். எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. "நாங்க ஊர்ல மிராசுதாரு" என்று எங்கள் பாட்டனார் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் காலமாகி நெடுநாள் கழித்து, அவருடைய தங்கைதான் சொன்னார்: மிராசுதார் வீட்டில் மாடு மேய்த்தவராம். அதற்குள் பாட்டியும் போய்விட்டார். கேட்க வேண்டிய கேள்விகளில் பாதிக்கு மேல் எங்களிடமே தங்கிவிட்டன. ஆகவே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கும்போது விசாரணை செய்வதுபோல் கேட்காதீர்கள். சொல்ல விரும்பாததை விட்டுவிடுங்கள்.

கேட்பதற்குச் சில வழிகள் உண்டு. "எந்த ஊர்?" என்று கேட்டால் "தெரியாதுப்பா" என்கிற பாட்டி, "எந்தச் சாமிக்கு முதல் முடி இறக்குவோம்?" என்று கேட்டால் சொல்லிவிடுவார். குலதெய்வம் என்பது பெரும்பாலும் ஓர் ஊரோடு கட்டுண்டது. அந்தச் சாமியின் பெயரும், கோயிலுக்குப் பக்கத்தில் ஏரியா, ஆறா, மலையா என்பதும் தெரிந்தால் பாதி வழி கடந்த மாதிரி. கப்பலில் கூட வந்தவர் யார், அதே லயத்தில் 'ஊர்க்காரர்' என்று யாரைக் கூப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள். கங்காணி ஓர் ஊராரைச் சேர்ந்தாற்போல் கொண்டுவந்ததால், உங்கள் வீட்டில் மறந்த ஊர் அடுத்த வீட்டில் நினைவிருக்கும். அவர்கள் இப்போது கிள்ளானில் அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருக்கலாம், தேடிப் போங்கள்.

தகரப் பெட்டியைக் கிளறினால் அகப்படும் காகிதங்களில் மிக உயர்ந்தது மணியார்டர் ரசீது. ஊருக்குப் பணம் அனுப்பியவர் கிராமம், போஸ்ட், தாலுகா, ஜில்லா எல்லாம் எழுதியிருப்பார். பழைய கடித உறையும் அப்படியே. ஜில்லாப் பெயரைக் கண்டதும் இன்றைய வரைபடத்தில் தேடி ஏமாற வேண்டாம். வட ஆற்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் 1991-இலும், திருச்சியிலிருந்து பெரம்பலூர் 1995-இலும், சேலத்திலிருந்து நாமக்கல் 1997-இலும் தனி மாவட்டங்களாயின. ஒரே பெயரில் பல ஊர்களும் உண்டு. ஆத்தூர் என்றால் சேலத்திலும் ஆத்தூர், திண்டுக்கல்லிலும் ஆத்தூர், தூத்துக்குடியிலும் ஆத்தூர். தாலுகா தெரியாமல் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்!

நம் நாட்டுக் காகிதங்களில் சூராட் பெரானாக் முதன்மையானது. பிறந்த இடமும் பெற்றோர் பெயரும் அதில் இருக்கும். தொலைந்துபோயிருந்தால் பதிவின் நகலுக்குத் தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பிக்கலாம். அவசரகாலத்தில் 1948 முதல் கொடுத்த அடையாள அட்டை, பழைய கடவுச்சீட்டு, இறப்புச் சான்று எதையும் எறிய வேண்டாம். ஆனால் எழுத்தைப் பார்த்து மலைக்காதீர்கள். நம் பெயரைக் காதால் கேட்டு எழுதியவர் தமிழர் அல்லாதபோது, உடன்பிறந்த இருவரின் அப்பா பெயர் இரண்டு விதமாக விழுந்திருக்கும். கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் அரசாங்கத்தின் பழைய கோப்புகள் இருக்கின்றன. உங்கள் பாட்டன் பெயர் அவற்றில் இல்லாவிட்டாலும், அவர் இருந்த தோட்டத்தைப் பற்றி ஏதேனும் அகப்படலாம்.

எச்சிலை அனுப்பினால் பரம்பரை சொல்கிறோம் என்று இப்போது விளம்பரம் வருகிறது. அந்தச் சோதனை, அதே சோதனையைச் செய்துகொண்ட உறவினரைக் காட்டக்கூடும். எந்தப் பகுதி மக்களோடு ஒத்திருக்கிறோம் என்று தோராயமாகச் சொல்லும். பூட்டியின் பெயரைச் சொல்லாது. அந்தப் பணத்துக்கு இரண்டு மூன்று உறவினர் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போய்வரலாம்.

இது பொழுதுபோக்கு மட்டும் அன்று. திருமணத்தைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்த பிறகும், கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட குடும்பங்கள் உண்டு. பிள்ளையின் குடியுரிமை பற்றிக் கேள்வி வரும்போது, பெற்றோர் திருமணப் பதிவு எங்கே, தாயின் பிறப்புப் பதிவு எங்கே என்று கேட்பார்கள். பாட்டி பிறந்த தோட்டத்தின் பெயரும், அவருக்குப் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியின் பெயரும் அன்றைக்கு வம்சப் பெருமைக்கு அல்ல, அடையாள அட்டைக்கே வேண்டியிருக்கும்.

ராஜராஜ சோழன் பேரனின் கதையைச் சொல்லாமல் விட்டால் நேயர்கள் கோபித்துக்கொள்வீர்கள். அவன் தாளை நாங்கள் திருத்தவில்லை. "பாட்டியிடம் காட்டிட்டு வா" என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். அடுத்த வாரம் பாட்டியே பள்ளிக்கு வந்துவிட்டார். கையில் ஒரு ரொட்டி டின்.

"படிக்கத் தெரியாதுங்க சார். எங்கப்பா தொட்டதுன்னு வச்சிருக்கேன்" என்று திறந்தார். உள்ளே நான்கைந்து மணியார்டர் ரசீதுகள். முசிறி தாலுகா, திருச்சி ஜில்லா என்பது தெளிவாக இருந்தது. கிராமத்தின் பெயரில் மை ஊறி இரண்டு எழுத்து அழிந்திருந்தது. நாங்கள் ஒவ்வோர் எழுத்தாகப் போட்டுப் படித்துக் காட்டினோம். மூன்றாவது முறை, "அதுதான், அதுதான். ஆத்தா இருக்கிற ஊருன்னு அப்பா சொல்லும்" என்றார். பக்கத்தில் நின்ற பேரன் கைப்பேசியில் எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தான்.

மறுநாள் அவன் தாளைக் கொண்டுவந்தான். ராஜராஜனை ரப்பர் வைத்து அழித்திருந்தான். கிரீடம் அப்படியே இருந்தது. உச்சியில் எட்டுக் கட்டங்களில் மூன்று நிரம்பியிருந்தன: பாட்டியின் அப்பா, அம்மா, மாமனார். மீதி ஐந்தில் நான்கு அம்மா வழி. அதற்குக் கிள்ளானில் இருக்கும் பெரியம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கப் போவதாகச் சொன்னான்.